இரண்டாவது ஸ்பைனில் ஒரு பாக்கெட் கூடப் போகவில்லை

மூன்று வார உழைப்பு கைவிட்டுப் போகும் நிலைக்குப் போய், கடைசி நேரத்தில் திரும்பியிருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்எஸ்-3 என்ற சிமுலேட்டரை (நெட்வொர்க்கை கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) வைத்து நெட்வொர்க் வடிவமைப்புகளை ஒப்பிடப் போகிற யாருக்காவது ஒரு வாரம் மிச்சமானால் போதும்.

வேலை இதுதான். நான்கு லீஃப் ஸ்விட்ச் (சர்வர்கள் நேரடியாக மாட்டப்படும் ஸ்விட்ச்), ஒவ்வொன்றின் கீழும் நான்கு சர்வர், எல்லா லிங்கும் 1 ஜிகாபிட். முதல் வடிவமைப்பில் மேலே லீஃப்களை இணைக்க ஒரே ஒரு ஸ்விட்ச், அதுதான் கோர். இரண்டாவதில் அந்த இடத்தில் இரண்டு ஸ்விட்ச், அவைதான் ஸ்பைன்; ஒவ்வொரு லீஃபிலிருந்தும் இரண்டுக்கும் லிங்க் உண்டு. ஒரு லீஃபின் நான்கு சர்வர்களும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்பினால், முதலாவதில் 4 ஜிகாபிட் டிராஃபிக் 1 ஜிகாபிட் வழியில் முண்டியடிக்கும். இரண்டாவதில் 2 ஜிகாபிட் வழி இருக்கிறது. ஆகவே இரண்டாவதுதான் ஜெயிக்கும், எவ்வளவு வித்தியாசத்தில் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. இன்ஸ்டால், டோபாலஜி (எது எதோடு இணைகிறது என்ற அமைப்பு) எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது.

ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே த்ரூபுட் (செகண்டுக்கு வந்து சேரும் டேட்டா).

நம்பிக்கை வரட்டும் என்று பத்து முறை ஓட்டினேன். பத்து முறையும் அதே எண், கடைசி தசமம் வரை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். என்எஸ்-3-இல் ரேண்டம் எண்களைத் தீர்மானிக்கும் சீடும் ரன் நம்பரும் நாமாக மாற்றாதவரை அப்படியே நிற்கும். நான் பத்து சோதனை செய்யவில்லை, ஒரே சோதனையைப் பத்து முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். அது புரியாமல், "டிசிபி சமாளித்துக்கொள்கிறது, அதனால் இரண்டாவது ஸ்பைனால் பெரிய பலன் இல்லை" என்று ஒரு பத்தி விளக்கமும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். (டிசிபி என்பது டேட்டா தொலையாமல் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் முறை.)

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ரெண்டாவது ஸ்பைன் வழியா எவ்வளவு போச்சுப்பா?" என்னிடம் பதில் இல்லை. மொத்தம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்த்தேனே தவிர, எந்த வழியாக வந்தது என்று பார்க்கவே இல்லை.

அன்று இரவு எல்லா லிங்கிலும் பிகேப் பதிவை (போகிற பாக்கெட்டையெல்லாம் ஃபைலில் எழுதிவைப்பது) ஆன் செய்து ஓட்டினேன். ஃபோல்டரைத் திறந்தால், முதல் ஸ்பைனின் ஃபைல்கள் நூற்றுக்கணக்கான மெகாபைட். இரண்டாவது ஸ்பைனின் ஃபைல்கள் நான்கும் தலா 24 பைட். பிகேப் ஃபைலின் ஹெடர் மட்டுமே 24 பைட். அதாவது உள்ளே ஒரு பாக்கெட் கூட இல்லை. வயிற்றைக் கலக்கியது. மூன்று வாரமாக நான் ஒப்பிட்டது ஒரு கோரையும் ஒரு ஸ்பைனையும்தான்.

காரணம் ஒரு டீஃபால்ட். குளோபல் ரவுட்டிங்கில் (என்எஸ்-3 தானே வழிகளைக் கணக்கிடும் முறை) ஒரே செலவில் இரண்டு வழி இருந்தாலும், சம செலவு வழிகளில் பிரித்து அனுப்பும் ரேண்டம் ஈசிஎம்பி என்ற அமைப்பு ஆஃபில் இருக்கும்வரை எல்லாப் பாக்கெட்டும் முதல் வழியிலேயே போகும். எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. எண்கள் பார்க்கவும் நியாயமாக இருக்கும், அதுதான் ஆபத்து.

சரி, ஆன் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். த்ரூபுட் ஏறவில்லை, ரீட்ரான்ஸ்மிட் (மறுபடி அனுப்பிய பாக்கெட்) எண்ணிக்கைதான் ஏறியது. அந்த அமைப்பு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாகக் குலுக்கல் போடுகிறது. ஒரே ஃப்ளோவின், அதாவது ஒரே டேட்டா ஓட்டத்தின், பாக்கெட்டுகள் இரண்டு வழியிலும் பிரிந்து போய், வரிசை மாறி வந்து சேர்கின்றன. மூன்று டூப்ளிகேட் ஆக் (வந்து சேர்ந்ததாக முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லும் பதில்) வந்தால் டிசிபி பாக்கெட் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி வேகத்தைக் குறைத்துவிடும். நிஜ ஸ்விட்சுகள் பொதுவாக இப்படிச் செய்வதில்லை. முகவரி, போர்ட், புரோட்டோகால் ஆகியவற்றை ஹாஷ் செய்து (ஒரு எண்ணாகச் சுருக்கி) ஒரு ஃப்ளோவை ஒரே வழியில் வைத்திருக்கும். நான் வைத்திருந்த பதிப்பில் அது இல்லை என்பதால் ரவுட்டிங் கோடைத் திருத்தி நானே சேர்த்தேன். இரண்டு நாள் ஆனது. மறுபடி ஓட்டி முதல் வேலையாக ஃபைல் சைஸைப் பார்த்தேன். இரண்டு ஸ்பைனும் நிரம்பியிருந்தன. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொரு இடத்திலும் அடிபட்டேன். தொலைவில் இருக்கும் பேக்கப் சைட்டுக்கு 100 மெகாபிட் லிங்க், போய்வர 50 மில்லிசெகண்ட். எந்த வடிவமைப்பிலும் ஒரு ஃப்ளோ 21 மெகாபிட்டைத் தாண்டவில்லை. குற்றவாளி லிங்க் இல்லை, டிசிபி பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்). டீஃபால்ட் 131072 பைட், ஒரு முறை போய்வரும் நேரத்தில் அதற்கு மேல் போகாது. அதை 50 மில்லிசெகண்டால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 21 மெகாபிட் வரும். அந்த லிங்கை நிரப்ப 625000 பைட்டாவது வேண்டும். அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டிலும் கூட்டுங்கள். அப்படியே செக்மென்ட் சைஸையும் (ஒரு பாக்கெட்டில் ஏறும் டேட்டா அளவு) பாருங்கள்: டீஃபால்ட் 536 பைட், ஈதர்நெட்டில் 1448 வரை போகலாம். பாக்கெட் எண்ணிக்கை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகும், சிமுலேஷனும் சீக்கிரம் முடியும். வேகத்தைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான, மெதுவாக ஓடும் வடிவம்) பெரிய ரன்களை ஓட்டாதீர்கள், ஆப்டிமைஸ்டு பில்டுக்கு மாறுங்கள்.

ஃப்ளோமானிட்டர் (என்எஸ்-3-இல் ஃப்ளோக்களை அளக்கும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: ஒரு டிசிபி இணைப்பு அதில் இரண்டு ஃப்ளோவாக வரும், டேட்டா ஒன்று, திரும்பி வரும் ஆக் ஒன்று. பிரிக்காமல் சராசரி எடுத்தால் த்ரூபுட் பாதியாகத் தெரியும்.

இதற்குப் பிறகு எந்த எண்ணையும் அப்படியே நம்ப மனம் வரவில்லை. கையால் கணக்குப் போட முடிகிற ஒரு சின்ன சோதனையை முதலில் ஓட்டினேன். 1 மெகாபிட் லிங்க், 1250 பைட் பாக்கெட், பாய்சான் முறையில் (சீரற்ற இடைவெளிகளில்) செகண்டுக்கு 80 பாக்கெட். ஒரு பாக்கெட்டை அனுப்ப 10 மில்லிசெகண்ட், எம்/டி/1 என்ற வரிசைக் காத்திருப்புச் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 20, மொத்தம் 30. சிமுலேஷனிலும் 30-ஐ ஒட்டியே வந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கடைசி ரிசல்ட் வந்தபோது கூட வரவில்லை.

அப்புறம் அசல் கேள்வி. நான்கு சர்வரும் தலா 100 மெகாபைட்டை வேறொரு லீஃபில் இருக்கும் நான்கு சர்வர்களுக்கு, ஒன்றுக்கு ஒன்றாக அனுப்புகின்றன. ஹெடரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஒரு கோரில் எல்லாம் முடிய 3.2 செகண்ட். இரண்டு ஸ்பைனில் 1.6 ஆகும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் ஹாஷ் நான்கு ஃப்ளோவையும் இரண்டிரண்டாகப் பிரிப்பது 16-இல் 6 தடவைதான். 8 தடவை மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்று விழும், அப்போது 2.4 செகண்ட். மீதி 2 தடவை நான்கும் ஒரே ஸ்பைனில் ஏறிவிடும், பழைய 3.2-தான். சராசரி 2.2. சிமுலேஷனும் இதை ஒட்டியே வந்தது. மொத்த த்ரூபுட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. மூன்று-ஒன்று என்று பிரியும்போது ஆரம்பத்தில் இரண்டு லிங்கும் நிரம்பியேதான் இருக்கும். கடைசியாக முடியும் ஃப்ளோவைப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஒவ்வொரு ரன்னுக்கும் இவ்வளவு மாறுவதால் ரன் நம்பரை மாற்றி மாற்றி ஓட்டியே ஆக வேண்டும். இரண்டு வடிவமைப்புக்கும் அதே ரன் நம்பர்களைக் கொடுத்து, ஜோடி ஜோடியாகக் கழித்து, அந்த வித்தியாசத்துக்கு 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) போட்டேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரேண்டம் ஸ்ட்ரீம்கள் (ரேண்டம் எண்களின் தொடர்கள்) உருவாகும் வரிசைப்படிதான் ஒதுக்கப்படுகின்றன. புதிதாக எதையாவது நடுவில் சேர்த்தால் வரிசை நகர்ந்து, இரண்டு பக்கமும் வேறு வேறு டிராஃபிக் ஓடும். டிராஃபிக் ஆப்களுக்கு ஸ்ட்ரீம் எண்ணை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

"பலன் இல்லை" என்று எழுதிய பத்தியை அழித்துவிட்டேன். புது ரிப்போர்ட்டில் முதல் அட்டவணையே எந்த லிங்கில் எத்தனை பாக்கெட் போனது என்பதுதான். மூத்தவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இப்ப அனுப்பு" என்றார்.