குக்கர் வால்வு உருகிய கதை

போன செவ்வாய்க்கிழமை துவரம் பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டு, போன் வந்ததென்று மாடிக்குப் போய்விட்டேன். தண்ணீர் போதுமான அளவு ஊற்றினேனா என்று சத்தியம் செய்ய முடியாது. விசிலையும் எண்ணவில்லை. திடீரென்று ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே தீய்ந்த வாடை.

ஓடிவந்து அடுப்பை அணைத்துப் பார்த்தால், மூடியிலிருந்த சேஃப்டி வால்வின் நடுவே மிளகு நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. அதை அடைத்திருந்த உலோகப் பொட்டு உருகி ஓடியிருந்தது.

அப்பா மில்லில் 31 வருஷம் பாயிலர் பார்த்தவர். ஹார்விபட்டி வீட்டு வாசல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கெட்டுப்போகலம்மா. இதோட வேலையப் பார்த்திருக்கு” என்றார்.

குக்கர் வெயிட்டைத் தூக்குகிற அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். தண்ணீர் இருக்கிறவரை சூடு அதைத் தாண்டாது. வற்றிவிட்டால் ஏறிக்கொண்டே போகும். அதற்குத்தான் பிஸ்மத், வெள்ளீயம் என்ற இரண்டு உலோகங்களைக் கலந்து செய்த அந்தப் பொட்டு. பிஸ்மத் தனியாக உருக 271 டிகிரி வேண்டும், வெள்ளீயத்துக்கு 232. இரண்டையும் 58-க்கு 42 என்று கலந்தால் 138-லேயே உருகிவிடும். ஒற்றுமையே பலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே எடுபடாது!

அப்பாவின் பாயிலரிலும் நெருப்புக்கு நேர் மேலே இப்படி ஒரு பிளக் உண்டாம். கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் உடம்பு, நடுவில் வெள்ளீயம். 10 கிலோ பிரஷரில் தண்ணீர் கொதிப்பது சுமார் 184 டிகிரியில். மேலே தண்ணீர் நிற்கிறவரை வெள்ளீயத்துக்கு ஒன்றும் ஆகாது. மட்டம் இறங்கினால் அது உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பாயும். வெள்ளீயத்தில் செய்த ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறதும் இதே கணக்குதான். ரசம் இருக்கிறவரை சொம்பு தப்பிக்கும். (எங்கள் வீட்டில் ஒன்று தப்பிக்கவில்லை. யார் கைங்கரியம் என்று கேட்காதீர்கள்.)

சரி, புது வால்வு வாங்க டவுனுக்குப் போனேன். ஒரு கடையில் பாதி விலைக்கு ஒன்றை நீட்டினார்கள். அதையும் வாங்கினேன், வேறு கடையில் கம்பெனி வால்வு ஒன்றும் வாங்கினேன். அப்பா சும்மா இருப்பாரா? இரும்புக் கரண்டியில் கடலை எண்ணெய் ஊற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு அடுப்பில் காட்டினார். கம்பெனி வால்வின் பொட்டு, எண்ணெய் புகையும் முன்பே வெள்ளி முத்தாகத் திரண்டு கீழே விழுந்தது. மற்றது எண்ணெய் புகைந்து, கருகி, அம்மா அடுப்படி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்ற பிறகும் அசையவில்லை.

“நல்ல உறுதியான சாமான்” என்று சொல்லி அப்பா அதைக் குப்பையில் போட்டார். இன்னொரு கம்பெனி வால்வுக்கு மறுபடி நான்தான் பஸ் ஏறினேன்.