முதலில் நிற்க வேண்டும்

எங்கள் விறகுக் கொட்டகைக்குள் 1991இலிருந்து ஒரு கார் நின்றது. 1965ஆம் ஆண்டு எம்ஜிபி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். தாத்தா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் சீமைக்குக் கிளம்பிய துரை, இதைத் தாத்தா தலையில் சல்லிசாகக் கட்டிவிட்டுப் போனார். தாத்தாவுக்கு ஓட்டத் தெரியாது. அப்பாதான் ஓட்டினார். ஏப்ரல் சீசனில் மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பார்க்க நுவரெலியாவுக்கு இதில்தான் போவாராம். 1934இல் தொடங்கிய போட்டி அது. பிறகு கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் போனது, சாமான் கிடைக்கவில்லை. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று மூடி வைத்தார். அந்த அடுத்த மாசம் வர 30 வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பாவும் போய்விட்டார்.

2021 கடைசியில் நான் கை வைத்தேன். வைத்த முதல் நாளே ஒன்றை உடைத்தேன். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பட்டரி வைக்கும் குழிகள் இருந்தன. அதில் ஒரு 12 வோல்ட் பட்டரியை இறக்கி, எல்லா வண்டிக்கும் மாட்டுவது போல மைனஸைக் கார் பொடியின் இரும்பில் (எர்த்தில்) மாட்டினேன். அந்தக் காலத்து எம்ஜிபிக்கு பிளஸ்தான் எர்த். டைனமோ தப்பியது. எஞ்சின் சுற்று காட்டும் ரெவ் கவுண்டர் தப்பவில்லை. உள்ளே சின்ன எலக்ட்ரானிக் தட்டு இருக்கிறது, திசை மாறினால் போச்சு. ஓட்டத் தொடங்கும் முன்பே ஒரு மீட்டர் செத்தது.

பயந்துபோய்க் கம்பளையிலிருந்து ஒரு மெக்கானிக் நாநாவை (முஸ்லிம் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அழைத்து வந்தேன். எழுபதைத் தாண்டியவர், இளவயதில் தோட்டத் துரைமாரின் ஒஸ்டின், மொரிஸ் எல்லாம் பார்த்தவர். பொனட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சில்லுக்குள் டோர்ச் அடித்தார்.

“ஓட வைக்கிறது லேசு, மகன். இது நிக்கணும். நீங்க ரதல்ல குறுக்கு வீதியில எறங்குற ஆளு.”

நானுஓயாவிலிருந்து எங்கள் பக்கம் இறங்கும் செங்குத்தான வீதி அது. தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

பிரேக்கில் ஒன்றுகூடச் சரியில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மாசக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காத எங்கள் ஊரில் 30 வருஷத்தில் எவ்வளவு குடித்திருக்கும்? முன் டிஸ்க்கில் கெலிப்பர் பிஸ்டன்கள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. பின் ட்ரம்மில் ஷூ அப்படியே பிடித்திருந்தது. ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்சுவர் வீங்கி, ஊசி போகும் அளவு துளைதான் மிச்சம். இப்படிப்பட்ட ஹோஸில் மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. பிஸ்டனை ஹட்டனில் ஒரு லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்கினோம். ரப்பர் சாமான் மட்டும் இங்கிலாந்திலிருந்து. நான் விலை கேட்டு வைத்துவிட்டு இரண்டு வாரம் யோசித்தேன். அது 2022 மார்ச். 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது. என் யோசனைக்குக் கிடைத்த பில் அது.

காத்திருந்த நேரத்தில் எஞ்சின். பிளக் நாலையும் கழற்றி, ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, பத்து நாள் தொடவில்லை. பிறகு பின்பக்கத்தை ஜெக்கில் தூக்கி, டொப் கியரில் போட்டு, இரண்டு பின் சில்லையும் இரண்டு பேர் கையால் முன்னும் பின்னும் ஆட்டினோம். மூன்றாம் நாள் ‘கடக்’ என்று ஒரு சத்தம், ஒரு விரற்கடை நகர்ந்தது. நாநா சிரித்தார். நான் பக்கத்து லயத்துக்கே கேட்கும்படி கத்தினேன். ஸ்டார்ட்டரை முதலில் போட்டிருந்தால் பிஸ்டன் ரிங் உடைந்திருக்கும்.

டேங்கிலிருந்து இறங்கியது சாயத்தண்ணி நிறத்தில், பழைய வார்னிஷ் வாடையோடு இருந்தது. டேங்கைக் கழற்றி, உள்ளே சிறு ஜல்லியும் டீசலும் போட்டு, முற்றத்தில் மச்சானும் நானும் உருட்டினோம். துரு அடியில்தான் இருக்கும் என்று நினைத்தால் ஓட்டை விழுந்தது மேல் தகட்டில். டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் இடையில் மண் தங்கி, ஈரம் காயாமல் மேலிருந்து தின்றிருக்கிறது. (வெல்டிங்காரரிடம் டேங்கைக் கொடுப்பதென்றால் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள். காலி டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும்.)

வயரிங்கைத் தின்றது எலி. ஆனால் அந்தக் காலத்து லூக்கஸ் வயர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பழுப்பு பட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த். அதைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி விளங்கும்.

எல்லாம் தயாரானபோது நாட்டில் பெற்றோல் இல்லை. 2022 ஜூலையில் கியூஆர் அட்டைப் பங்கீடு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்தது. அதில் ஒரு லீற்றரைக் காருக்கு எடுத்தேன். வீட்டில் அதற்கு வாங்கிய ஏச்சை எழுதவில்லை. முதலில் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒயில் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தது. பிறகு சாவியைத் திருப்பினால் எஸ்யூ பெற்றோல் பம்ப் மௌனம். நாநா பின்னால் போய் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். டக்டக்டக்டக். கார்பரேட்டர் இரண்டும் நிறைந்ததும் தானாக அடங்கியது. அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தமாம். ஐந்தாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகையோடு சைலன்சருக்குள்ளிருந்து ஓர் எலிக்கூடும் வெளியே வந்து விழுந்தது.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. பெடலை மிதித்த நிலையில் ஒரு தேயிலைக் கட்டையால் முட்டுக்கொடுத்து மூன்று நாள் விட்டோம், தானாக விட்டது. ஈயமில்லாத பெற்றோலுக்கு வால்வு சீட் மாற்றவேண்டுமா என்று பலர் கேட்டார்கள். நான் மாற்றவில்லை. வருஷத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடாத வண்டி. வால்வுக்கு மேலுள்ள டப்பட் இடைவெளி 15 தௌவில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) நிற்கிறதா என்று அடிக்கடி பார்க்கிறேன். குறையத் தொடங்கினால் சீட் தேய்கிறது, அப்போது செய்துகொள்ளலாம்.

காசைத் தின்றது எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, தகடு வேலை செய்யும் பாஸ்மார் ‘சில்’ என்பார்கள். பெயின்ட் அழகாகத்தான் இருந்தது. ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினேன், ஊறிய பிஸ்கட்டில் இறங்குவது போல் இறங்கியது. இந்தக் காருக்குத் தனியாகச் சேஸி கிடையாது, கூரையும் கிடையாது. வளையாமல் தாங்குவதே அந்தப் பெட்டிதான். முதலில் பார்த்த டிங்கர் பாஸ் அப்படியே வெட்டி எடுக்கலாம் என்றார். நல்லவேளை, விடவில்லை. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணிய பிறகே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் நடு முதுகு தொய்ந்து, கதவு ஒருகாலும் பூட்டாது. இரண்டாவது பாஸ் ஒரு பக்கத்தை முழுதாக முடித்து, கதவை மூடிப் பார்த்த பிறகுதான் மறுபக்கம் போனார். நாலு மாதம்.

எண் தகட்டில் அந்தக் கால வண்டிகளுக்குப் போட்ட சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து. 1958இல் அந்த எழுத்தின் மேல் தார் பூசிய கலவரக் கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதுத் தகடு போடவா என்று பாஸ் கேட்டார். வேண்டாம், அது கிடக்கட்டும் என்றேன். பத்திர வேலை தனிக்கதை, விட்டுவிடுகிறேன்.

2023இல் ஒரு ஞாயிறு நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏற்றினேன். வீட்டில் தேனாக ஓடிய எஞ்சின் மேலே போகப்போக இருமியது. கிரகரி வாவியோரம் நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்று குறைய, பெற்றோல் கூடிப்போகிறது. பெற்றோலைக் குறைக்க, கார்பரேட்டர் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டை மேலே ஏற்றினேன். இருமல் நின்றது. இறங்கும்போது மறக்காமல் திருப்பி வைக்க வேண்டும் என்று பிளக் துடைத்த துணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

வரும் வழியில் குறுக்கு வீதித் திருப்பத்தில் நிறுத்தி, அப்பாவின் பழைய ஆட்கள் இரண்டு பேரிடம் ஏச்சு வாங்கினேன், இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று. ரெவ் கவுண்டர் முள் இன்னும் பூச்சியத்தில்தான் கிடக்கிறது. காதால் கேட்டுத்தான் கியர் மாற்றுகிறேன்.