எடை இறங்குமுன்னே சீனி இறங்குவது ஏன்?

இரப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு கிழமைகூட ஆகியிராது, உடுப்பின் அளவும் மாறியிராது. ஆனால் நீரிழிவுள்ளவருக்கு 220இல் நின்ற வெறுவயிற்று இரத்தச் சீனி 120ஐத் தொடலாம். "சாப்பிடாமல் கிடந்தால் ஆருக்கும் இறங்கும்தானே" என்பார்கள். பாதி சரி. சாப்பாடு வெகுவாகக் குறைந்ததும் ஈரலில் தேங்கிய கொழுப்பு கரையத் தொடங்கும். ஈரல் மறுபடி இன்சுலினின் சொல் கேட்டு, இரவிரவாகக் குளுக்கோஸைக் கொட்டுவதைக் குறைக்கும். தசையின் இன்சுலின் எதிர்ப்பு அவ்வளவு லேசில் மசியாது. எடை இறங்க இறங்க, மாதக்கணக்கில்தான் தளரும்.

மிச்சப் பாதி குடல் ஹோர்மோன்களின் வேலை. இந்தச் சத்திரசிகிச்சையின் ஒரு வகையான இரப்பை பைபாஸில், இரப்பையில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னப் பையை மட்டும் விட்டு, சிறுகுடலை அதோடு தைக்கிறார்கள். சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சுருக்காகப் போய்ச் சேர, அங்குள்ள கலங்கள் ஜிஎல்பி-1, பிவைவை என்ற இரு ஹோர்மோன்களையும் முன்னைவிடத் தாராளமாகச் சுரக்கும். ஜிஎல்பி-1 கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து பசியை அடக்கும். ஸ்லீவ் என்ற மற்ற வகையில் இரப்பையின் முக்கால்வாசி வெட்டி எடுக்கப்படும். பசியைக் கிளப்பும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது அப்படி வெட்டுப்படும் மேற்பகுதியில்தான்.

ஆகவே பழைய கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் அளவுக்கே இன்சுலின் போட்டால் சீனி ஆபத்தாக விழும். வீட்டில் மிச்சமிருக்கும் குளிசை வீணாகிறதே என்று போடவும் கூடாது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிக்லசைட் வழமையாக நிறுத்தப்படும், இன்சுலின் குறைக்கப்படும், மெட்ஃபோர்மின் பெரும்பாலும் தொடரும். அதிலும் மெல்ல மெல்லக் கரையும் எக்ஸ்ஆர் வகையைவிடச் சாதாரண குளிசையே பொருந்தும். சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசினைச் சத்திரசிகிச்சைக்கு 3 நாளாவது முன்னர் நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சீனி பெரிதாகக் கூடாமலே, இரத்தம் அமிலமாகும் கீற்றோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வரலாம்.

எங்கள் பக்கத்தில் ஆள் இடறும் இடம் தயிரும் கித்துள் பாணியும், காத்தான்குடி வட்டிலப்பமும். பைபாஸ் செய்தவருக்கு அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம். வேறு சிலருக்கு, அதுவும் ஒரு வருடம் கழிந்தபின், சாப்பிட்டு 1 முதல் 3 மணி நேரத்தில் இன்சுலின் மிதமிஞ்சிச் சுரந்து சீனி விழும். வாவி மீனையும் பாணி விடாத தயிரையும் முதலில் சாப்பிடுங்கள், பிட்டைக் கடைசியில் ஒரு பிடி. புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது.

பிசிஓஎஸ் என்ற சூலக ஹோர்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு ஒரு சொல். இன்சுலின் இறங்க, சூலகம் சுரக்கும் டெஸ்டொஸ்டெரோனும் இறங்கி மாதவிடாய் ஒழுங்காகும். எதிர்பாராமல் கர்ப்பமும் தங்கும். ஆனால் கர்ப்பம் தரிக்க, சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடைக் குளிசையை நம்பியிருக்க முடியாது.

நிரந்தரமா? அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வில் 5 வருடம் கழித்து, கடந்த 2-3 மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6 வீதமோ அதற்குக் கீழோ நின்றவர்கள் பைபாஸில் 29 வீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. பல வருடம் இன்சுலின் போட்டவருக்கு வாய்ப்பு குறைவு, ஏனெனில் கணையத்தில் இன்சுலின் சுரக்கப் போதிய கலங்கள் மிஞ்சியிராது. சீனி சட்டென்று இறங்கும்போது சிலருக்குப் பழைய விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம் என்பதால், சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுக்குமுன்னே கண் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.