தமிழ்ப் பக்கங்களும் திரைவாசிப்பானும்

பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பது பற்றிய வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களை மனத்தில் கொண்டே எழுதப்படுகின்றன. தமிழ்ப் பக்கங்களுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. இணையப் பக்கங்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அவற்றை முதலில் சொல்ல விரும்புகிறேன்.

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றித்தரும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கினார். அது இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். ஆகவே கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. குறை நம் பக்கங்களில்தான் இருக்கிறது.

தமிழ் வடிவங்களை ஆங்கில விசைகளில் ஏற்றிவைத்த பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அங்கே ‘அம்மா’ என்று தெரியும். ஆனால் கோப்பில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. திரைவாசிப்பானும் அவற்றைத்தான் வாசிக்க முயலும். எத்தனையோ அருமையான கட்டுரைகள் இப்படிப் பார்வையற்ற வாசகருக்கு வெறும் இரைச்சலாகக் கிடக்கின்றன. அவற்றை, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண்கள் தரும் யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கும்போது, தளத்தை நடத்துவோர் இன்னும் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

யூனிகோடு மட்டும் போதாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். ஆயத்த வார்ப்புருக்கள் பல ‘ஆங்கிலம்’ என்ற அறிவிப்புடன் வருகின்றன. அதை மாற்றாமல் விட்டால், தமிழ் வரிகள் ஆங்கிலக் குரலிடம் போய்ச் சேர்ந்து, எண்களும் ஆங்கிலச் சொற்களும் மட்டும் ஒலித்து, மற்றவை விடுபட்டுப் போகக்கூடும்.

அடுத்தது படங்கள். தேர்வு அறிவிப்பையோ அரசாணையையோ ஸ்கேன் செய்து, படமாகவே ஏற்றிவிடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையாக, அந்தப் படத்துக்கு ‘அறிவிப்பு’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பணி, கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு என்பவை எழுத்தாகப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலங்காரப் படங்களுக்கு மாற்று உரையை வெறுமையாக விடலாம். ஆனால் நிரலில் மாற்று உரைக்கான இடத்தையே நீக்கிவிட்டால், சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கிவிடும்.

திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் வசதி உண்டு. ஒவ்வொரு செய்தியின் கீழும் ‘மேலும் படிக்க’ என்று போட்டிருந்தால், அந்தப் பட்டியல் முழுவதும் அதே இரு சொற்களாக இருக்கும். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் காட்டாமல் எச்டிஎம்எல்லின் தலைப்புக் குறிகளால் அமைத்தால், எச் விசையை அழுத்தியே ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம்.

இவற்றைச் சலுகையாகக் கருதுவது தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கடமையாக்கியிருக்கிறது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் மின்னணு கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும்) முறை தொடர்பான வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

பக்கத்தை வெளியிடும் முன் என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். அதன்பின், திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்; நம் காதுக்குப் பிடிபடாத தடைகளை அவர் விரைவிலேயே கண்டுபிடித்துவிடுவார்.