எட்டு நொடிக்குள் ஒரு சுருதி: என் மெல்லோட்ரான் நாட்குறிப்பு

ஜனவரி 9

மூன்று வாரமாகத் தொடாமல் கிடந்த என் எம்400-ஐ, டேப்பில் பதிந்த ஒலியைக் கட்டை அழுத்தி வாசிக்கும் மெல்லோட்ரான் வகைக் கருவியை, இன்று திறந்தேன். கால் மணி நேரம் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு, பிறகு வயலின் தடத்தில் ஒரு கட்டையை அழுத்தினேன். சுருதி நின்றது. இரண்டு கட்டை, அதுவும் சரி. ஐந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தியதும் எல்லாம் ஒன்றாகக் கீழே சரிந்தன. கையை எடுத்து ஒற்றைக் கட்டையை அழுத்தினால் மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கருவியை நேரில் பார்க்காதவர்களுக்காக: உள்ளே 35 கட்டைக்கு 35 டேப். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு சுரத்தை மட்டும் மனிதர்கள் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அகலம் முக்கால் அங்குலத்தில் பாதி, அதில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று தடங்கள். என்னுடையதில் வயலின், புல்லாங்குழல், செல்லோ. கட்டையை அழுத்தினால் ஒரு திண்டு டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டவைக்கும், ஒரு ரப்பர் உருளை அதைக் கேப்ஸ்டன் என்ற சுழலும் தண்டில் அழுத்தும், டேப் ஓடும், எட்டு நொடியில் முடிந்துவிடும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அத்தனை டேப்புக்கும் கேப்ஸ்டன் ஒன்றுதான், மோட்டாரும் ஒன்றுதான். அதனால்தான் அந்த மோட்டாருக்குப் பாரம் கூடினால் எல்லாச் சுரமும் சேர்ந்து இறங்குகின்றன.

ஜனவரி 11

முதல் சந்தேகம் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று அட்டை மேல். ஆரம்ப கால எம்400-களில் இருந்த சிஎம்சி-10 அட்டைக்குச் சுருதி விஷயத்தில் கெட்ட பெயர் உண்டு. என்னுடையதில் பின்னால் வந்த அட்டையைப் போட்டிருக்கிறார்கள், அதனால் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பெல்ட்டைப் பார்த்தேன். விரிசல் இல்லை, வழுக்கவும் இல்லை.

ஜனவரி 12

டேப் சட்டத்தைத் தூக்கி வெளியே வைத்துச் சுத்தம் செய்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு, ஹெட் ஒவ்வொன்றுக்கும் புதிதாக. பஞ்சில் வந்த பழுப்பு நிறம் டேப்பின் பூச்சு உதிர்ந்த தூள். கேப்ஸ்டனிலும் அதே. ரப்பர் உருளைகளை ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன், ரப்பரில் ஆல்கஹால் படுவது எனக்குப் பிடிக்காது. ஒலி தெளிவாகிவிட்டது, புல்லாங்குழலில் மூச்சுக்காற்று கேட்கிறது. சுருதி அப்படியே சரிகிறது.

ஜனவரி 18

காரணம் கிடைத்துவிட்டது!

ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று திண்டு எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு, மற்றது உருளைக்கு. எனக்கு முன்னால் இதை வைத்திருந்த யாரோ 35 உருளை ஸ்க்ரூவையும் இறுக்கி வைத்திருக்கிறார். எங்கோ ஒரு கட்டையில் டேப் வழுக்கியிருக்கும், இறுக்கியதும் அது நின்றிருக்கும், சரி என்று எல்லாவற்றையும் இறுக்கியிருப்பார். தனித்தனியாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. ஐந்து உருளைகள் ஒரே நேரத்தில் கேப்ஸ்டனைப் பிடித்து நெரிக்கும்போதுதான் மோட்டார் திணறுகிறது.

எட்டுக் கட்டைகளைத் திரும்ப அமைத்தேன். டேப் நகராத அளவுக்குத் தளர்த்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஓடத் தொடங்கியதும் நிறுத்தினேன். அங்கேதான் ஏமாந்தேன். முதல் நான்கு நொடி அழகாக ஓடிய டேப் கடைசியில் இழுபட்டது. டேப் கீழே போகப் போக ஸ்பிரிங் நீள்கிறது, அதன் இழுப்பு கூடிக்கொண்டே போகிறது. ஆகவே தொடக்கத்தைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. எட்டு நொடியும் முழுதாகக் கேட்டு, கடைசி நொடியில் வழுக்காத இடத்தைப் பிடித்து, அதற்கு மேல் இம்மி மட்டும் திருப்ப வேண்டும். எட்டையும் மறுபடி செய்தேன்.

ஜனவரி 19

மீதி 27. முதுகு வலிக்கிறது, ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு டேப்பையும் தனியாக இறுதிவரை கேட்பது இப்போதுதான். ஒரு சுரத்தில் வில் திரும்பும் ஓசை தெரிகிறது, அடுத்ததில் வாசித்தவர்கள் ஒரு மயிரிழை மேலே நிற்கிறார்கள்.

டேப்பை வளையமாக ஒட்டியிருந்தால் சுரம் முடியாமல் ஓடியிருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. வளையத்தில் தொடக்கம் இருக்காது. இதில் ஒவ்வொரு முறையும் டேப் முதலிலிருந்து ஓடுவதால், வில் கம்பியைத் தொடும் அந்தக் கணமும் கேட்கும். அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் 1940-களின் கடைசியில் தொடங்கிய யோசனை இது. 1963-இல் பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் அதை மெல்லோட்ரானாக ஆக்கினார்கள், 1970-இல் எம்400 வந்தது. எட்டு நொடியில் ஒலி நின்றுவிடும் என்பதை நான் குறையாக நினைப்பதில்லை.

ஜனவரி 25

ஆறு கட்டை சேர்த்து அழுத்தினாலும் சுருதி நிற்கிறது. ஒன்றே ஒன்று மிச்சம்: நடுவில் இருக்கும் ஒரு ஜி சுரக் கட்டை. மூன்று தடத்திலும் நடுங்குகிறது, ஸ்க்ரூ எப்படி இருந்தாலும் நடுங்குகிறது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். அந்த உருளையின் ரப்பர் கண்ணாடிபோல் பளபளக்கிறது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. கெட்டியாகிவிட்டது. இறுக்கத் தூண்டிய முதல் கட்டை இதுவாகத்தான் இருந்திருக்கும். அன்றே இந்த ஓர் உருளையை மாற்றியிருந்தால் மற்ற 34-க்கும் இத்தனை வருடத் தேய்மானம் வந்திருக்காது. நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

புது உருளை வந்தது, மாட்டியாயிற்று. நடுக்கம் போய்விட்டது.

இரவு ஹெட்டை வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவே நிறுத்தி இரண்டும் கலந்து ஒலிக்கவிட்டேன். நான்கு சுரங்களைப் பிடித்து, ஒவ்வொரு விரலையும் வெவ்வேறு நேரத்தில் தூக்கி மறுபடி வைத்தால், ஒரு டேப் பின்னால் ஓடும் நேரத்தில் மற்ற மூன்றும் தாங்கும். அப்படி இருபது நிமிடம் வாசித்தேன். ஜி-யை வேண்டுமென்றே அடிக்கடி அழுத்தினேன்.