நல்லாத்தானே நடக்கிறே, எதுக்கு ஓ.கே.யு. அட்டை?

ஒருவழியாக ஓ.கே.யு. அட்டை, அதாவது மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் அட்டை, கைக்கு வந்துவிட்டது. விண்ணப்பப் பாரம், படம், ஐசி (அடையாள அட்டை) நகல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது டாக்டர் நிரப்பவேண்டிய பக்கம்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தபோது, ஏழு வயதில் எனக்கு மூட்டுகள் வீங்கின. 16 வயதுக்குள் தொடங்கி 6 வாரமாவது நீடித்தால், வேறு காரணமும் தெரியாவிட்டால், சிறார் மூட்டுவாதம் என்பார்கள். வளர்ந்தால் போய்விடும் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். சிலருக்குப் போகும். எனக்கு இடுப்பில் செயற்கை மூட்டு வைக்கும்வரை வந்துவிட்டது.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். “ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ். வாதமே இல்லையே?” அது மூட்டுவாதம் உள்ள சிலரின் ரத்தத்தில் தென்படும் ஒரு பொருள்; சிறுவயதில் வரும் வாதத்தில் பெரும்பாலோருக்கு அது நெகட்டிவ்தான்! சொன்னேன், பழைய ஃபைல் வேண்டும் என்றார். ஃபைல் கவுண்டரில், அழித்தாகிவிட்டது என்று பதில். அங்கிருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, “நல்லாத்தானே நடக்கிறே தங்கச்சி, எதுக்கு அட்டை?” என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு நடப்பேன். காலை ஆறு மணிக்குச் சட்டைப் பித்தானைப் போடச் சொல்லிப் பார்க்கட்டும். காலையில் மூட்டு இறுக்கம் உள்ளவர்கள் காலை அப்பாயின்ட்மென்டாகக் கேட்டு வாங்குங்கள்; முடிந்தால் கை வீங்கிய நாளில் படமும் எடுத்து வையுங்கள்.

காப்பாற்றியது கண் கிளினிக் புத்தகம். இந்த வாதம் வலியோ சிவப்போ காட்டாமல் கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கும் என்பதால் சின்ன வயதிலிருந்தே என்னைச் சோதித்து வந்தார்கள். நோயின் பெயர் ஆண்டுவாரியாக அதில் இருந்தது.

அடுத்து கிடைத்த டாக்டர் சின்னப் பெண். படுக்க வைத்து இரண்டு காலையும் டேப்பால் அளந்தார். வீங்கிய முட்டிப் பக்கம் எலும்பு வேகமாக வளர்ந்ததில் ஒரு கால் நீளம். பிறகு வாயைத் திறந்து விரல்களை நிறுத்தி வைக்கச் சொன்னார். மூன்று விரல் போகவேண்டிய இடத்தில் எனக்கு இரண்டுகூடத் தடுமாறியது. தாடை மூட்டும் சின்னதிலேயே பாதிக்கப்பட்டுவிட்டது. மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டிப்பிடிக்காத குறை!

பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால், குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும்போதே சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த மூட்டு, எந்த ஆண்டு, என்ன மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.