வேலை நேரத்தில் ஒரு வகுப்பு

பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், நிர்வாகத் தரப்பிலிருந்து முதலில் வருவது 'கற்றுக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது?' என்ற கேள்விதான். பொருளியலாளர் கேரி பெக்கர் 1960களிலேயே இதை ஆராய்ந்து, எங்கும் பயன்படும் பொதுத் திறன், ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் தனித் திறன் என்று பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். பொதுத் திறனுக்கான செலவைக் குறைந்த சம்பளத்தின் வழியே தொழிலாளியே சுமக்க நேரும் என்பது அவருடைய வாதம். நடைமுறையிலோ, கணினிப் பயிற்சி முதல் பட்டப்படிப்புக் கட்டணம் வரை பொதுத் திறனுக்கும் தாங்களே செலவிடும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. திறன் உயர்ந்த அளவுக்குச் சம்பளம் உயர்வதில்லை என்பதால் அந்தச் செலவு நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகிறது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இந்த ஆதாயத்தைத் தொழிற்கூடத்தில் நேரடியாகவே காணலாம். நுண்ணிய அளவுகளைக் காட்டும் மைக்ரோமீட்டர் கருவியைப் படிக்கவும் வரைபடத்தில் குறித்த அளவுகளைப் புரிந்துகொள்ளவும் கற்ற இயந்திர இயக்குநர், அளவு விலகத் தொடங்கும்போதே இயந்திரத்தை நிறுத்திவிடுவார். கற்காதவர், தர ஆய்வாளர் வந்து சொல்லும் வரை கழிவையே உற்பத்தி செய்துகொண்டிருப்பார். அதைவிட, மேற்பார்வையாளரைக் கேட்காமல் தானே முடிவெடுத்த அந்தத் தொழிலாளிக்குப் பிறக்கும் தன்னம்பிக்கையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் பயிற்சிக்குப் பின் என்ன நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த பயிற்சி மதிப்பீட்டு முறையில் நான்கு படிகள் உண்டு: வகுப்பு பிடித்ததா, பாடம் புரிந்ததா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பெரும்பாலும் கருத்துப் படிவத்தை நிரப்பி வாங்குவதோடு, அதாவது முதல் படியோடு, எல்லாம் முடிந்துவிடுகிறது. கணினி விரிதாளில் கணக்குப் போடக் கற்றுத் திரும்பிய எழுத்தரிடம் பழைய பேரேட்டையே நீட்டினால், சில வாரங்களில் கற்றதும் மறந்துபோகும், கற்கும் ஆர்வமும் வற்றிப்போகும்.

நேரமும் முக்கியம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974இல் ஏற்ற 140ஆம் உடன்படிக்கை, கல்விக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பை வேலை நேரத்துக்குள்தான் வைக்கிறது. வீட்டில் குழந்தையையோ முதியவரையோ கவனிக்க வேண்டியவருக்கு, பணி முடிந்தபின் நடக்கும் இலவச வகுப்பு பெயரளவுக்கே இலவசம்.

பணியாளர் விலகுவதைத் தடுக்கப் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தங்களையே நம்பும் நிர்வாகங்கள், படித்து முடித்தவருக்கு அந்தப் படிப்புக்கேற்ற பொறுப்பையும் சம்பள உயர்வையும் எப்போது தரப்போகின்றன என்பதையும் அதே தாளில் எழுதித் தரட்டும்.